தேநீர் கொட்டிய கணினியும் ‘பாதிவிலை’த் தத்துவமும்

மடிக்கணினியின்மேல் தேநீர் கொட்டிவிட்டால் அதனைத் திருத்துவதா, எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்குவதா என்ற கேள்வி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் ஆராயத்தக்க பொருள்தானா என்று சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். சுழிப்போர் சுழிக்கட்டும். அரிசி விலையும் பாண் விலையும் இலக்கியத்துக்குப் புறம்பானவையல்ல என்று வாதாடி வந்தவர்கள் நாம். ஓர் ஆசிரியரின் சில மாதச் சம்பளத்தை ஒருங்கே விழுங்கவல்ல ஒரு பொருளைப்பற்றிய தீர்ப்பை யார் வழங்குகிறார், எந்த அளவுகோலைக்கொண்டு வழங்குகிறார், அத்தீர்ப்பினால் யாருடைய பணப்பெட்டி நிறைகிறது என்ற வினாக்கள் நமக்கு அப்பாற்பட்டனவாக இருக்க முடியாது.

சம்பவம் சாதாரணமானது. எமது பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், இரவில் வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருக்கையில் பால்தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டார். துணியால் துடைத்தார். திரை ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. தப்பிற்று என்று எண்ணி வேலையைத் தொடர்ந்தார். அரை மணித்தியாலத்தின் பின் திரை இருண்டது. அதன்பின் ஒளிரவே இல்லை. யாரோ சொன்னார்களென்று இரண்டு நாள் அரிசி மூடைக்குள் அதனைப் புதைத்து வைத்தார். மூன்றாம் நாள் பட்டினத்திலுள்ள விற்பனை முகவரிடம் கொண்டுபோனார். அங்கிருந்தவர் அடிமூடியைக் கழற்றி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “மதர்போட் போய்விட்டது, ரீச்சர். மாற்றுவதென்றால் 1,15,000 ரூபா. இதே தரத்தில் புதியது 2,10,000. பாதிவிலைக்கு மேல் போனால் திருத்துவது நட்டம்” என்றார். கூறிய கையோடு 24 மாதத் தவணைக்கான படிவத்தையும் நீட்டினார்.

மறுநாள் ஆசிரியர் ஓய்வறையில் இவ்விடயம் பேசப்பட்டபோது அநேகமாக எல்லோரும் முகவரின் பக்கமே நின்றனர். “பாதியைத் தாண்டினால் வாங்குவதுதான் புத்தி” என்றார் ஒருவர். கணித ஆசிரியரும் ஆமென்று தலையசைத்தார். (அவர் எதற்கும் தலையசைப்பவரல்லர் என்பதனால் இது குறிப்பிடத்தக்கது.) முதலாளித்துவத்தைப்பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய நண்பர்கள், கடைக்காரரின் விதியை நியூற்றனின் விதிபோல் ஏற்றுக்கொண்டதைக் கண்டபோதே இக்கட்டுரையை எழுதுவதெனத் தீர்மானித்தேன்.

இந்தப் ‘பாதிவிலை’ விதி என்பது யாது? திருத்தச் செலவை ஒரு தட்டிலும் புதிய பொருளின் விலையை மறு தட்டிலும் இட்டு நிறுப்பது. நியாயமான தராசுபோலத்தான் தோன்றுகிறது. ஆயின் அந்த இரண்டு எண்களையும் எழுதிய கை ஒன்றே என்பதை நாம் கவனிப்பதில்லை. புதியதன் விலையைக் குறிப்பவர் எவரோ, அவரே திருத்தத்தின் விலையையும் குறிக்கிறார். அதற்கும் மேலாக, ‘திருத்தம்’ என்றால் என்ன என்று வரையறுப்பவரும் அவரே. ஒரு வீட்டின் யன்னற் கண்ணாடி உடைந்தால் சுவரையே இடித்துக் கட்டவேண்டும் என்று ஒரு மேசன் சொல்வாராயின் நாம் அவரை வாசலோடு அனுப்பிவிடுவோம். சில நூறு ரூபா பெறுமதியான ஒரு சில்லுக்காக முழுப் பலகையையும் மாற்றவேண்டும் என்று கொம்பனி சொல்லும்போதோ பேசாமல் கேட்டுக்கொள்கிறோம். பலகையின் விலை பாதியைத் தாண்டுவது தற்செயலன்று. அலகைப் பெரிதாக்கினால் விலை தானே பெரிதாகும்.

கணினிக்குள் உண்மையில் நிகழ்ந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நமது மாணவருக்கு மின்பகுப்பு கற்பிக்கிறோம். செப்பு மின்வாய்கள், அயன்கள், அனோட்டு, கதோட்டு என்று கரும்பலகையில் வரைகிறோம். கணினிப் பலகையில் நடப்பது அதே பாடந்தான். தண்ணீர் தானாக எதையும் எரிப்பதில்லை. அதில் கரைந்துள்ள உப்புக்களும், அவ்வேளையில் பலகையில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னும் சேர்ந்தே கேட்டினை விளைக்கின்றன. மின்னேற்றியிலிருந்து பெரும்பாலான கணினிகளுக்கு ஏறத்தாழ 19 வோல்ற்று வருகிறது. செயலகச் சில்லுக்குப் போகும் இணைப்பிலோ ஏறத்தாழ ஒரு வோல்ற்றுத்தான் உண்டு. மயிரிழை இடைவெளியில் அருகருகே கிடக்கும் இத்தகைய பாதைகளை ஒரு துளி தேநீர் இணைத்துவிட்டால், நேர்முனையிலுள்ள செப்பு கரைந்து எதிர்முனையை நோக்கி நகர்ந்து, மரக்கிளைபோல் படர்ந்து படிகிறது. நாளடைவில் பச்சை நிற உப்பு பூக்கிறது. பாலிலுள்ள உப்புக்களும் கொழுப்பும் பலகையில் ஒட்டிக்கொள்கின்றன. சீனியோ காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வெறுந் தேநீரைவிடச் சீனியிட்ட பால்தேநீர் கொடியது என்பது இதனாலேயே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிப்படுகின்றன. முதலாவது, கணினியைக் கொல்வது கொட்டிய கணம் அன்று. கொட்டியபின் கழிந்த நேரம். எமது ஆசிரியை தொடர்ந்து வேலை செய்த அரை மணித்தியாலமே அவருடைய கணினிக்குப் பெருந் தீங்கு செய்தது. இதற்காக அவரைக் குறைசொல்ல முடியுமா? கணினியை விற்றவர்கள் தவணைப் படிவத்தை எப்படி நிரப்புவதென்று சொல்லிக் கொடுத்தார்கள். திரவம் கொட்டினால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. செய்யவேண்டியது சிறிதே. மின்னேற்றியை உடனே பிடுங்குதல், அணைக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைத்தல், திரையை விரித்தபடி கூரைபோல் கவிழ்த்து வைத்தல், இயன்றால் அடிமூடியைக் கழற்றிப் பற்றரியின் இணைப்பை விடுவித்தல். கடைசியில் சொன்னதே தலையாயது. கணினி அணைந்திருந்தாலும், பற்றரி இணைந்திருக்கும்வரை பலகையின் சில பாதைகளில் மின் எப்போதும் நிற்கும். மின் நிற்குமிடத்தில் அரிப்பும் நிற்காது. கழற்றத் தெரியாதவர் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொண்டுபோகவேண்டும்.

இரண்டாவது, உலர்த்துதல் வேறு, கழுவுதல் வேறு. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பும் சீனியும் போவதில்லை. அரிசி மூடை செய்வதெல்லாம் இரண்டு பொன்னான நாள்களை வீணாக்குவதுதான். 2024இல் அப்பிள் கொம்பனியே தன் தொலைபேசிகளை அரிசிக்குள் இடவேண்டாம், அரிசித் துகள் உட்புகுந்து கெடுக்கும் என்று பாவனையாளருக்கு அறிவுறுத்தியது. தலைமுடி உலர்த்தியின் சூடான காற்று இன்னும் மோசம்; திரவத்தை அது சில்லுகளின் அடிக்குத் தள்ளிவிடும். அறிந்த திருத்துநர் பலகையை வெளியே எடுத்து, சீனியைக் காய்ச்சிவடித்த நீராலோ அதற்குரிய கரைசலாலோ கரைத்து, பின்னர் செறிந்த ஐசோபுரொப்பைல் அற்ககோலால் தூரிகைகொண்டு கழுவி, நீரை அகற்றுவார். வசதியுள்ளவர் மீயொலித் தொட்டியில் இடுவார். அதன்பின்னரே உருப்பெருக்கியின் கீழ்வைத்து, எந்தப் பாதையில் மின் வரவில்லை, எந்தக் கொள்ளளவி குறுக்குச்சுற்றாயிற்று என்று ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பார். இவ்வேலை ஐந்து நிமிடத்தில் முடிவதன்று. ஐந்து நிமிடம் பார்த்து “மதர்போட் போய்விட்டது” என்று கூறுபவர் நோயைக் கண்டறியவில்லை, விற்பனையை ஆரம்பிக்கிறார்.

இனி, பாதிவிலைத் தராசில் ஏறாத பொருளொன்று உண்டு. அந்தக் கணினியில் ஆறு ஆண்டு காலப் பாடக்குறிப்புக்களும், வினாத்தாள்களும், புள்ளிப் பதிவுகளும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. இவற்றின் விலை என்ன? முகவரின் பட்டியலில் அதற்கென ஒரு நிரல் இல்லை. முன்னைய கணினிகளில் சேமிப்புத் தட்டு தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தது. கணினி செத்தாலும் தட்டை எடுத்து வேறொன்றில் பூட்டிக் கோப்புக்களைக் காப்பாற்றலாம். இன்றும் பல மாதிரிகளில் அது இயலும். வாங்கும்போது கேட்டறிய வேண்டிய முதற் கேள்வி அதுவே. ஆனால் மெல்லியதாக்குவதே அழகு என்ற பெயரில் சேமிப்புச் சில்லுகளைப் பலகையோடு பற்றவைத்துவிடும் வழக்கம் பெருகியுள்ளது. 2018 முதல் வந்த பல மக்புக் கணினிகளில் தரவுகள் அப்பலகையிலுள்ள பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டு மறைகுறியாக்கப்பட்டுள்ளன. அப்பலகை உயிர்பெற்றாலன்றித் தரவுகளை எடுக்க வழியில்லை. திருடனுக்கு எதிரான பாதுகாப்பு என்ற முறையில் இதில் நியாயமுண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயின் இத்தகைய கணினியில் ‘பலகையை மாற்றுவோம்’ என்பதன் பொருள் ‘உமது உழைப்பையும் சேர்த்து எறிவோம்’ என்பதே. பலகையைத் திருத்துதல் ஒன்றே அங்கு தரவைக் காக்கும் வழி. இந்த நிலையில் பாதிவிலைக் கணக்கு வெறும் பொய்க்கணக்காகும்.

இது புதிய சூழ்ச்சியுமன்று. 1924 டிசெம்பரில் ஜெனிவாவில் ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் கூடி ‘பீபஸ்’ என்ற கூட்டை அமைத்தார்கள். மின்குமிழ் 1000 மணித்தியாலத்துக்கு மேல் எரியலாகாது என்பது அவர்கள் வகுத்த நியதிகளுள் ஒன்று. அதற்கு மேல் எரியும் குமிழைச் செய்தவர் தண்டம் கட்டவேண்டும். 1932இல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, பேர்னாட் லண்டன் என்ற அமெரிக்கர் பொருள்களுக்குச் சட்டத்தாலேயே ஆயுள் விதிக்கவேண்டும் என்று சிறுநூலே எழுதினார். 1960இல் வான்ஸ் பக்கார்ட் இந்த வீண்விரயப் பொருளாதாரத்தை அம்பலப்படுத்தி எழுதிய நூல் அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது. இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1867இல் வெளிவந்த ‘மூலதன’த்தில் மார்க்ஸ், இயந்திரம் பாவனையாலும் தேயும், பாவியாதிருப்பதாலும் தேயும், இவை இரண்டுமன்றி, மலிவானதோ மேலானதோ ஆன இன்னோர் இயந்திரம் வந்துவிட்டது என்பதாலும் மதிப்பிழக்கும் என்று பிரித்துக் காட்டியிருந்தார். அவர் பேசியது தொழிற்சாலையில் முதலாளிக்குச் சொந்தமான இயந்திரத்தைப்பற்றி. இன்று அதே தேய்வு ஆசிரியரின் மேசையில், ஆசிரியரின் செலவில் நிகழ்கிறது. மதிப்பிழப்பின் நட்டத்தையும் உழைப்பவனின் தலையில் ஏற்றிவிட்டமை நம் காலத்து முன்னேற்றம் போலும்!

எறியப்படுபவை எங்கே போகின்றன? ஐக்கிய நாடுகள் சபையின் நிறுவனங்கள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மீட்கப்பட்டது 22.3 வீதம் மாத்திரமே. எஞ்சியவற்றில் ஒரு பகுதியைச் சீனத்தின் குயியூவிலும் கானாவின் அக்ராவிலும் ஏழைத் தொழிலாளர் பல்லாண்டுகளாக வெறுங்கையால் பிரித்து, கம்பியை எரித்துச் செப்பெடுத்து, அந்தப் புகையைச் சுவாசித்தனர். பற்றரிக்கான கோபால்ற்றில் பாதிக்கு மேல் கொங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் சூழலுக்குச் செய்யும் தீங்கின் பெரும்பகுதி, அதனை நாம் முதன்முதல் திறப்பதற்கு முன்பே, அதனைச் செய்யும்போதே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. ஆதலால் புதியது குறைந்த மின்னைக் குடிக்கும் என்ற வாதம் இங்கே எடுபடாது.

பிறநாடுகளில் மக்கள் சும்மா இருக்கவில்லை. பிரான்சில் 2021 ஜனவரி முதல், மடிக்கணினி உட்படச் சில பொருள்களுக்கு அவற்றைத் திருத்துவது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை எனப் புள்ளியிட்டு விற்கவேண்டும் என்ற விதி வந்தது. அமெரிக்காவில் நியூயோர்க், கலிபோர்னியா, ஒரிகன் ஆகிய மாநிலங்கள் உதிரிப்பாகங்களையும் கையேடுகளையும் வெளியாருக்கும் கொடுக்கவேண்டும் என்று சட்டமியற்றின. சிறுகடை நடத்திய லூயி ரொஸ்மன் போன்ற திருத்துநர்கள் சட்டசபைக் குழுக்களின் முன் நின்று சாட்சியமளித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கான பணிப்புரையை நிறைவேற்றியது. ஆனால் அதன் பட்டியலைக் கவனித்து வாசிக்கவேண்டும். சலவை இயந்திரம் இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது. மடிக்கணினி அதில் இல்லை. சட்டம் வந்துவிட்டது என்று கைதட்டுவோர் இதனையும் கண்டுகொள்ளவேண்டும். இலங்கையிலோ அத்தகைய குறைச்சட்டம்கூட இல்லை. 2022 மார்ச்சில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த ரூபா, மே மாதமளவில் 360ஐ எட்டியபோது கணினி வாங்க வழியற்று நின்ற மாணவரை நாம் கண்டோம். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. இந்த நாட்டில் ஒரு கணினியை எறிவது அந்நியச் செலாவணியையும் சேர்த்து எறிவதாகும்.

“நாங்கள் திருத்திப் பாவிக்கத் தெரியாதவர்களா? 1990களில் என்ன செய்தோம்?” என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் உடனே நெஞ்சை நிமிர்த்துவர். உண்மைதான். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலில் திரியிட்டுப் படித்தோம். ஆயினும் வறுமையும் முற்றுகையும் திணித்த சாமர்த்தியத்தைப் பண்பாட்டுப் பெருமையாகப் பாடிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கார்களை ஓடவைத்த மெக்கானிக்குகளை நாம் எந்த விழாவில் கௌரவித்தோம்? அவர்களில் எத்தனைபேரின் பிள்ளைகள் நமது ‘பெரிய’ கல்லூரிகளில் இடம்பெற்றார்கள்?

இங்கேதான் நமது சொந்தக் குற்றம் வெளிப்படுகிறது. கொம்பனிகளின்மேல் மாத்திரம் பழியைப் போட்டுத் தப்ப முடியாது. சாதாரணதரத்தில் தவறியவனே ‘திருத்தப்’ போவான் என்ற எண்ணம் ஆசிரியர் ஓய்வறையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கணினியைக் கற்பிப்பவர் ‘சேர்’. கணினியைத் திருத்துபவர் ‘பெடியன்’. மூளையுழைப்புக்கு நாற்காலியும் கையுழைப்புக்கு வாசற்படியும் கொடுத்த சாதிய ஒழுங்கின் மிச்சமல்லாமல் இது வேறென்ன? 1966 ஒக்டோபர் எழுச்சியை மேடைகளில் நினைவுகூரும் நாம், திருத்தக் கூலியாக ஒருவர் 8,000 ரூபா கேட்டால் “ஒரு சின்னச் சாமானுக்கு இவ்வளவா?” என்று பேரம் பேசுகிறோம். கொம்பனி 1,15,000 கேட்டபோது பேரம் பேசியவர் எவருமில்லை. திருத்துநர் விற்பது சில்லையன்று, அச்சில்லே பழுதானது என்று கண்டறிந்த அறிவை.

எல்லாவற்றையும் திருத்தியே ஆகவேண்டும் என்றும் நான் வாதிடவில்லை. வேறோர் ஆசிரியர் சீனியிட்ட பால்தேநீர் கொட்டிய கணினியைப் பற்றரியும் கழற்றாமல் மூன்று கிழமை அலுமாரியில் வைத்திருந்தார். பலகை முழுவதும் பச்சை பூத்து, பெருஞ் சில்லுகளின் அடியிலுள்ள ஈயப்பற்றுக்கள் அரிக்கப்பட்டிருந்தன. அதனைத் திருத்த முயல்வது பணத்தை ஆற்றில் போடுவதாகும். பற்றரி ஊதியிருந்தால் அதனோடு விளையாடுவது ஆபத்து. பத்து ஆண்டு பாவித்து, பிணைச்சலும் திரையும் தளர்ந்துபோன கணினிக்குப் பெருஞ் செலவு செய்வதும் வீண். அத்தகைய வேளைகளில் சேமிப்புத் தட்டை மாத்திரம் மீட்டுக்கொண்டு மற்றதைக் கைவிடுவதே சரி. திருத்துநர்களிலும் மோசக்காரர் உண்டு. என்ன பழுதென்று எழுதித் தராமல் முற்பணம் கேட்பவரிடமும், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர மறுப்பவரிடமும் கணினியைக் கொடுக்கலாகாது. கொட்டியது என்ன, எப்போது, அதன்பின் எவ்வளவு நேரம் ஓடியது என்பவற்றை மறைக்காமல் சொல்வது நமது பொறுப்பு. வெட்கப்பட்டு, “தானாக நின்றுவிட்டது” என்று சொல்வோர் திருத்துநரை இருட்டில் தேடவிடுகிறார்கள்.

எமது ஆசிரியை தவணைப் படிவத்தில் கையொப்பமிடவில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு மேசையும் உருப்பெருக்கியும் மட்டுமுள்ள சிறுகடையில் ஓர் இளைஞர் அந்தப் பலகையைக் கழுவி, ஒரு சில்லையும் இரண்டு கொள்ளளவிகளையும் மாற்றினார். விசைப்பலகையையும் மாற்றவேண்டியிருந்தது. எல்லாமாக 22,500 ரூபா, பத்து நாள். கோப்புக்கள் அனைத்தும் கிடைத்தன. “ஒரு மாதத்துக்குத்தான் உத்தரவாதம், ரீச்சர். அரிப்பு திரும்பவும் வரலாம். இன்றைக்கே பிரதி எடுத்து வையுங்கோ” என்று அவர் கூறியதை ஆசிரியை என்னிடம் சொன்னார். அந்த நேர்மையான ‘வரலாம்’ முகவரின் வாயிலிருந்து வரவில்லை. பலகையின் வரைபடம் எங்கிருந்து கிடைத்தது என்று நான் அவரிடம் கேட்டேன். கொம்பனி தருவதில்லை, சீனத்திலிருந்து யாரோ இணையத்தில் விட்ட பிரதி என்றார். அதில் ஒரு பக்கம் தெளிவில்லை. அந்த ஒரு பக்கத்துக்காக அவர் இரண்டு நாள் மின்மானியோடு மல்லாடியிருக்கிறார்.

எமது பாடசாலைக் கணினி அறையில் பதினொரு கணினிகள் துணிபோர்த்திக் கிடக்கின்றன. ஆண்டிறுதிப் பொருட் கணக்கெடுப்பில் அவை ‘பாவனைக்கு உதவாதவை’ என்று பதியப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றையேனும் எவரும் கழற்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த இளைஞரை அழைத்துச் சம்பளம் கொடுத்து அவற்றைத் திருத்துவிப்போம், உயர்தர மாணவர் அருகிருந்து கற்கட்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் பிரேரித்தோம். வெளியாரை அனுமதிக்கச் சுற்றுநிருபம் இடந்தராது என்று பதில் வந்தது. அந்தச் சுற்றுநிருபத்தைக் காட்டுமாறு எழுத்தில் கேட்டிருக்கிறோம். இதுவரை காட்டப்படவில்லை.